குன்னூரில் குடியிருக்கும் டிஎன் 38 டாக்ஸி: இது உள்ளூர் வண்டியா, வெளியூர் வண்டியா?

குன்னூர் மகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். அப்பா 1986ல் ஒரே ஒரு அம்பாசிடரை வைத்துத் தொடங்கியது. அவருக்கு முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனபின் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது மூன்று வண்டி. எட்டியோஸ், டிசையர் இரண்டும் டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு. மூன்றாவது இன்னோவா, டிரைவரோடு சேர்த்து 8 சீட், கோவையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது, டிஎன் 38, கோவைப் பதிவு. மூன்றுமே வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டு, தமிழ்நாடு பெர்மிட்.

என் பிரச்சினை முழுக்க அந்த இன்னோவாதான். வாங்கும்போது பெயர் மாற்றத்தை என் பெயருக்குச் செய்துவிட்டேன். ஆனால் முகவரி மட்டும் சரவணம்பட்டியில் உள்ள அண்ணன் வீட்டு முகவரி. கடன் கொடுத்த இடமும் கோவை, பெர்மிட்டும் கோவை, அங்கேயே முடித்தால் சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து குன்னூரில்தான் நிற்கிறது, குன்னூர்க்காரர்களைத்தான் ஏற்றுகிறது.

2025 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அருவங்காட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி. அம்மாவுக்குக் கோவையில் கண் அறுவை சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ். கால் நீட்டி உட்கார வேண்டும் என்பதால் இன்னோவாவை அனுப்பினேன். திரும்பி மலை ஏறும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். டிஎன் 38, வெளியூர் வண்டி மலை ஏற இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் எங்கே என்று கேள்வி. அந்த சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். டிரைவர் தம்பி அங்கேயே போனில் விண்ணப்பிக்கப் பார்த்தான். எங்கே தங்கப் போகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்கிறது. அன்றைய எண்ணிக்கையும் முடிந்துவிட்டது.

ஆசிரியர் கீழே இறங்கி, "அறுபது வருஷமாக இருக்கிற ஊருக்குப் போக எந்த லாட்ஜ் பெயரை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு பின் சீட்டில் 50 நிமிடம் வெயிலில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஆசிரியர் பையில் கிடந்த ரேஷன் கார்டையும் டிஸ்சார்ஜ் தாளையும் பார்த்துவிட்டு விட்டார்கள். மறுநாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாடகை வாங்கவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த செக்கப்புக்கு வேறு வண்டியில் போனார்கள்.

அதே வண்டியை மசினகுடிக்கு ஒரு குடும்பத்தோடு அனுப்பினேன். கல்லட்டிப் பாதை தொடங்குமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியூர் வண்டி அந்த 36 கொண்டை ஊசி வளைவில் கீழே இறங்கக்கூடாது. அது உயிரைக் காப்பாற்றும் விதி, அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் ஓட்டியவன் எப்பநாட்டில் பிறந்தவன், அந்தச் சரிவில் பத்து வருடம் ஜீப் ஓட்டியவன். கூடலூர் சுற்றிப் போனதில் கிட்டத்தட்ட இரட்டைத் தூரம். டீசல் என் கையிலிருந்து. இன்னொரு பக்கம், என் டிசையர் டிஎன் 43, புதிதாகக் கீழே இருந்து வந்த பையன் எடுத்துப் போனாலும் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் புதுப் பையன்களை நானே அந்தப் பாதைக்கு அனுப்புவதில்லை.

இப்போது அடுத்த மாதம் ஒரு கல்யாணம். குன்னூரிலிருந்து கேரளாவில் உள்ள சுல்தான் பத்தேரிக்கு மூன்று வண்டியும் போக வேண்டும், அங்கிருந்து சில பேர் மைசூர் போவார்கள். என் பெர்மிட் தமிழ்நாட்டுக்குள் மட்டும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னோவாவை நீலகிரிக்கு மாற்றினால் டிஎன் 43 நம்பர் கிடைக்குமா? மூன்றுக்கும் ஆல் இந்தியா பெர்மிட் எடுப்பது சரியா, அல்லது ஒவ்வொரு பயணத்துக்கும் தனி பெர்மிட் போதுமா? புதிதாகச் சேர்ந்த டிரைவரிடம் இலகுரக வண்டிக்கான எல்எம்வி லைசென்ஸ் மட்டும் இருக்கிறது, வாடகை வண்டி ஓட்டுபவருக்கான பேட்ஜ் இல்லை. அவனை அனுப்பலாமா? ஸ்டாண்டில் பத்துப் பேரைக் கேட்டேன், பத்து பதில் கிடைத்தது.


கூடலூர் டிரைவர்

தங்கச்சி, உன் கல்யாண டிரிப்புக்கு மட்டும் நான் சொல்கிறேன். மற்றதைப் படித்தவர்கள் சொல்வார்கள்.

எங்கள் ஊர் மூன்று மாநிலம் முட்டும் இடம். கூடலூரிலிருந்து ஒரு பக்கம் கக்கநல்லா, கர்நாடகா. ஒரு பக்கம் நாடுகாணி இறங்கினால் நிலம்பூர். இன்னொரு பக்கம் பாட்டவயல் தாண்டினால் பத்தேரி. எங்கள் ஜனங்களுக்கு ஊட்டி ஆஸ்பத்திரியைவிட பத்தேரி கிட்டே. பெரிய வைத்தியம் என்றால் மைசூர். 22 வருடமாக இந்த மூன்று கேட்டையும் தாண்டித்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள். ஒரு மாநிலத்தின் விதி உன்னை இன்னொரு மாநிலத்துக்குள் தள்ளிவிடும், அங்கே பெர்மிட் இல்லாமல் மாட்டிக்கொள்வாய். 2014ல் எனக்கு நடந்தது. தேவர்சோலையைச் சேர்ந்த ஒரு பெரியவரை மைசூரில் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். கர்நாடகாவுக்கு மட்டும் அந்த ஒரு பயணத்துக்கான ஸ்பெஷல் பெர்மிட் போட்டிருந்தேன், வரியும் கட்டியிருந்தேன். ஆஸ்பத்திரியில் பில் போட்டு முடிக்க ஏழரை மணி. பந்திப்பூர் காட்டு ரோடு 2009லிருந்தே இரவு 9 மணிக்கு மூடிவிடும், காலை 6 மணிக்குத்தான் திறக்கும். குண்டல்பேட்டை வந்தபோது 9 அடிக்கப் பத்து நிமிடம். அங்கிருந்து கேட்டுக்குப் பறந்தாலும் எட்டாது.

காட்டைச் சுற்றி வர ஒரு வழி இருக்கிறது. திரும்ப மைசூர் போய், ஹுன்சூர், கோணிக்கொப்பல், குட்டா வழியாக மானந்தவாடி இறங்கி, பத்தேரி வந்து, பாட்டவயல் வழியாக வீடு சேரலாம். ராத்திரி முழுக்க ஓட்டினால் விடிவதற்குள் கூடலூர். ஆனால் குட்டா தாண்டினால் கேரளா. என்னிடம் கேரளா பெர்மிட் இல்லை. பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும், பெரியவர் நடுக்காட்டில். அதனால் குண்டல்பேட்டையில் ஒரு டீக்கடை ஓரத்தில் வண்டியைப் போட்டு, அவரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, என் போர்வையையும் போர்த்திவிட்டு, காலை ஆறு மணிவரை ஸ்டியரிங் மேல் தலை வைத்துக் கிடந்தேன். அவர் மகன் வெயிட்டிங் கொடுக்க வந்தான், நான் வாங்கவில்லை.

அதன்பின் ஒரு வேலைக்கு இரண்டு மாநிலத்துக்கும் காகிதம் இல்லாமல் நான் கிளம்பியதில்லை. இப்போது என் வண்டிக்கு ஆல் இந்தியா பெர்மிட். எல்லாக் காகிதமும் ஒரே பிளாஸ்டிக் கவரில், வரிசை மாறாமல்: பதிவுச் சான்றான ஆர்சி, பெர்மிட், தகுதிச் சான்றான எஃப்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. போனில் டிஜிலாக்கர் இருந்தாலும் பாட்டவயலில் பல நேரம் சிக்னல் இருக்காது. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

உன் ஆட்கள் பத்தேரியிலிருந்து மைசூர் போவதாகச் சொல்கிறாய். பத்தேரி குண்டல்பேட்டை ரோட்டிலும் அதே 9 மணி கேட்தான். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப எத்தனை மணியாகும் என்று நீயே யோசி. ஏழரைக்கு மேல் பத்தேரியை விட்டுக் கிளம்பாதே. கிளம்ப முடியாவிட்டால் அங்கேயே தங்கச் சொல்லிவிடு. வண்டி ஏறுவதற்கு முன்பே சவாரிக்காரர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் சொன்னால் சண்டைதான் வரும்.


ஓய்வு எழுத்தர்

அம்மா, போக்குவரத்துத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்ட வரிசையில் சொல்ல முடியாது, முக்கியமானதிலிருந்து சொல்கிறேன்.

நம்பர் மாறாது. ஒரே மாநிலத்துக்குள் முகவரி மாறினால் பதிவு எண் அப்படியேதான் இருக்கும். வேறு மாநிலத்துக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் புது எண். எனவே உங்கள் இன்னோவா ஆயுசு முழுக்க டிஎன் 38. ஆனால் முகவரியைக் கட்டாயம் மாற்றுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 49ஆம் பிரிவு, குடியிருப்போ தொழில் இடமோ மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். ஆர்சியில் குன்னூர் முகவரி வந்ததும் பெர்மிட்டிலும் அதே முகவரி வரும்படி எழுதிக் கொடுங்கள். நான் பார்த்த தகராறுகளில் பாதி, ஆர்சி ஒரு ஊரைச் சொல்ல, பெர்மிட் இன்னொரு ஊரைச் சொன்னதால் வந்தவை.

முகவரி மாறிய ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர்க்காரர்களுக்கான இ-பாஸைக் கேளுங்கள். 2024 மே 7லிருந்து இந்த முறை நடைமுறைக்கு வந்தபோதே உள்ளூர் மக்களுக்குப் பச்சை, விளைபொருள் ஏற்றும் வண்டிக்கு நீலம், சுற்றுலாவுக்கு ஊதா என்று பிரித்தார்கள். டிஎன் 43 வண்டிக்குப் பாஸே தேவையில்லை. வேறு மாவட்ட எண் வைத்திருக்கும் நீலகிரி வாசிகளுக்காகத்தான் அந்தப் பச்சை. உங்கள் ஆசிரியர் பையிலிருந்த ரேஷன் கார்டு சொன்னதை இனி வண்டியின் காகிதமே சொல்லும்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்று. டிரைவரோடு சேர்த்து 8 சீட் என்கிறீர்கள். அப்படியென்றால் பயணிகள் 7 பேர். சட்டத்தில் டிரைவர் நீங்கலாக 6 பேர் வரை ஏற்றினால்தான் மோட்டார் கேப். 6க்கு மேல் 12 வரை மேக்ஸி கேப். உங்கள் எட்டியோஸும் டிசையரும் ஒரு வகை, இன்னோவா வேறு வகை. வரியும் கட்டணமும் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துப் பணத்தை எடுத்துவைக்காதீர்கள். இதே இன்னோவாவில் 7 சீட் மாடல் எடுத்தவர் மோட்டார் கேப்பில் போகிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான்.

பேட்ஜ் விஷயத்தில் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்எம்வி லைசென்ஸ் உள்ளவர் வாடகைக்கும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. இன்னும் பேட்ஜ் கேட்பவர்கள் இருக்கிறார்கள், பழைய பழக்கம். ஆனால் மலையில் ஓட்டத் தெரியுமா என்பதை லைசென்ஸ் சொல்லாது. அதை நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மூன்றுக்கும் ஆல் இந்தியா பெர்மிட் தேவையா? வருடத்தில் எத்தனை முறை எல்லை தாண்டுகிறீர்கள் என்று உங்கள் டிரிப் ஷீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று முறைதான் என்றால் ஸ்பெஷல் பெர்மிட் போதும். மாதா மாதம் பத்தேரி, மைசூர் என்றால் ஆல் இந்தியா பெர்மிட்டுக்கு 2023 விதிகளின்படி இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பழைய காலம் போல ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓட வேண்டாம். எட்டியோஸுக்கு மட்டும் எடுத்துவிட்டு இன்னோவாவுக்கு டிரிப்புக்கு டிரிப் எடுப்பதும் சரியான கணக்காக இருக்கலாம்.

பெர்மிட் இல்லாமல் மட்டும் போகாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய், சிறையும் உண்டு. அதைவிடப் பெரியது விபத்து நடந்தால் வருவது. பெர்மிட் இல்லாத வண்டி அடிப்படை விதியையே மீறியது என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் திரும்ப வசூலிக்கும். மூன்று வண்டியையும் விற்றாலும் போதாது.

கல்லட்டிக்கு என்னிடம் வழியில்லை. அங்கே பார்ப்பது ஓட்டுபவரின் கையை அல்ல, போர்டை. அந்தச் சரிவுக்கு உங்கள் டிஎன் 43 வண்டியையே அனுப்புங்கள், எப்பநாட்டுத் தம்பியை அதில் உட்கார வையுங்கள்.


கொடைக்கானல் வண்டி

அக்கா, உங்களுக்காவது டிஎன் 43 என்று ஒன்று இருக்கிறது. மாவட்டமே மலை என்பதால் அந்த இரண்டு எண்ணைப் பார்த்தாலே உள்ளூர் என்று சொல்லிவிடலாம். எங்கள் பழனி மலையில் அதுவும் இல்லை. நாங்கள் திண்டுக்கல் மாவட்டம். டிஎன் 57 என்றால் அது கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நிற்கும் வண்டியாகவும் இருக்கலாம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியாகவும் இருக்கலாம். போர்டைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. கொடைக்கானலுக்கு அந்த சீசனில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று எண்ணிக்கை வைத்தபோது எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் குடியிருப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினோம். வத்தலக்குண்டு போய் டயர் மாற்றிவிட்டுத் திரும்பி ஏறுவதற்கும் காகிதம்.

ஆனால் ஒரு வகையில் அது நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. எங்களிடம் நம்பரைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லாததால், ஆளையும் முகவரியையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் நம்பரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக நினைப்பதால்தான் அந்த அம்மா வெயிலில் உட்கார்ந்தார்.


பர்மிங்ஹாம் கோத்தகிரி

குன்னூர் அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோத்தகிரி பக்கம். பிழைப்புக்கு இங்கிலாந்தில் இருக்கிறேன், பர்மிங்ஹாமில் பிரைவேட் ஹையர் வண்டி ஓட்டுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் என் கார் கதவில் ஒட்டியிருப்பது பர்மிங்ஹாம் லைசென்ஸ் இல்லை. உல்வர்ஹாம்ப்டன்.

இங்கே இரண்டு வகை. ஹேக்னி என்பது தெருவில் கை காட்டினால் நிற்கலாம், ஸ்டாண்டில் நிற்கலாம். எங்களுடையது பிரைவேட் ஹையர், முன்பதிவு இருந்தால் மட்டும் ஏற்றலாம், அதுவும் லைசென்ஸ் உள்ள ஆபரேட்டர் வழியாக. லைசென்ஸ் கொடுப்பது மத்திய அரசு இல்லை, ஒவ்வொரு ஊர் கவுன்சில். இங்கிலாந்தில் மட்டும் அப்படி 260க்கும் மேற்பட்ட அலுவலகங்கள். வண்டி எத்தனை வருடம் பழையதாக இருக்கலாம், என்ன தேர்வு எழுத வேண்டும், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம். ஆபரேட்டர், டிரைவர், வண்டி மூன்றுக்கும் ஒரே கவுன்சில் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது மட்டும் பொது.

அந்த மூன்றும் ஒரே ஊர் என்றால் போதும், வேலை எந்த ஊரில் வேண்டுமானாலும் செய்யலாம். 2015ல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஒரு ஊர் ஆபரேட்டர் தன் புக்கிங்கை வேறு ஊர் ஆபரேட்டருக்குக் கைமாற்றவும் செய்யலாம். அதனால் சீக்கிரம் கொடுக்கும், செலவு குறைவான ஊரைத் தேடி டிரைவர்கள் போனார்கள். நானும் போனேன், மறைக்கவில்லை. குடும்பத்தை இங்கே கூட்டி வந்த புதிது, லைசென்ஸுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க என்னிடம் பணமில்லை.

ஆனால் ஐந்து வருடம் ஓட்டியபின் எனக்கே மனசுக்கு ஒப்பவில்லை. பர்மிங்ஹாம் தெருவில் நான் ஏதாவது தப்பு செய்தால் அந்த ஊர் அதிகாரிக்கு என் லைசென்ஸ் மேல் கை வைக்க அதிகாரம் கிடையாது. உல்வர்ஹாம்ப்டன்காரர்கள்தான் வர வேண்டும். பர்மிங்ஹாம் தேர்வை முறையாக எழுதி, கூடுதல் பணம் கட்டி, பத்து வருடமாக ஓட்டும் ஒரு பஞ்சாபிப் பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார், "எங்கள் ஊர் ரோட்டில் எங்கள் விதி உனக்கு ஏன் இல்லை?" என்று. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பயணிகள் பாதுகாப்பைக் காரணம் காட்டி, இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அரசு கேட்டு லூயிஸ் கேசி கொடுத்த அறிக்கை சொன்னது. அடைத்தால் நான் மறுபடி தேர்வு எழுத வேண்டும். எழுதுவேன்.

உங்கள் இன்னோவாவின் கதை இதற்கு நேர் எதிர், அக்கா. நான் வேறு ஊர்க் காகிதத்தை வைத்துக்கொண்டு இங்கே உள்ளூர் வேலை செய்கிறேன், யாரும் நிறுத்துவதில்லை. நீங்கள் உள்ளூர்க்காரர், காகிதம் வெளியூரைச் சொல்வதால் நிறுத்துகிறார்கள். எழுத்தர் ஐயா சொன்னபடி முகவரியை உடனே மாற்றிவிடுங்கள்.


ஓய்வு எழுத்தர்

தம்பி சொன்னது இங்கேயும் நடந்தது. நாகாலாந்தில் பதிவு செய்த ஆம்னி பஸ்கள் சென்னைக்கும் கோவைக்கும் ஓடிக்கொண்டிருந்தன. கோஹிமா மண்ணை அந்தச் சக்கரங்கள் மிதித்திருக்குமா என்பதே சந்தேகம். வரி குறைந்த இடத்தில் பதிவு, ஆல் இந்தியா பெர்மிட், ஓடுவது மட்டும் நம் ரோட்டில். 2024 ஜூனில் தமிழ்நாடு அவற்றை நிறுத்தியபோது டிக்கெட் எடுத்த பயணிகள்தான் தவித்தார்கள். விதி ஊருக்கு ஊர் மாறினால், பெரிய முதலாளி தனக்கு வசதியான ஊரைத் தேடிக்கொள்வார். மூன்று வண்டி வைத்திருக்கும் அம்மாவால் அது முடியாது. என் பணிக்காலத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கெஞ்சியவர்கள் எல்லாம் ஒற்றை வண்டிக்காரர்கள். அது இன்னும் என்னை உறுத்துகிறது.


கூடலூர் டிரைவர்

ஒன்று விட்டுப்போச்சு. வெள்ளை போர்டு. இத்தனை காகிதமும் மஞ்சள் போர்டுக்காரனுக்குத்தான். மசினகுடியில் சொந்த உபயோக வண்டியை வைத்து ரிசார்ட் ஆட்களை ஏற்றி இறக்குபவனுக்கு பெர்மிட்டும் இல்லை, எஃப்சியும் இல்லை. நாங்கள் வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி காட்டுகிறோம், அதன்பின் வருடா வருடம். பெயிண்ட், டயர், பிரேக், எல்லாம் பார்த்து, இரண்டு நாள் வேலை போய். அவன் பாதி வாடகைக்குப் போகிறான். பயணிகளும் விலையைத்தான் பார்க்கிறார்கள். அந்த வண்டியில் அடிபட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.


குன்னூர் மகள்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை, அலைந்துகொண்டிருந்தேன். என்ன செய்தேன் என்று சொல்கிறேன், இதே சிக்கலில் இருப்பவருக்கு உதவும்.

ஆர்சி முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். கடன் கொடுத்த இடத்தில் சம்மதக் கடிதம் வாங்க அண்ணனே போய் நின்றான். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது இரண்டும் குன்னூர் முகவரியில் இருந்ததால் அதில் தடை வரவில்லை. ஆர்சி வந்ததும் பெர்மிட், அதன்பின் பச்சைப் பாஸ்.

டிரிப் ஷீட்டை எண்ணச் சொன்னீர்கள் ஐயா. நேற்று ராத்திரி அப்பாவும் நானும் உட்கார்ந்து போன வருட நோட்டை முழுக்கப் பார்த்தோம். எட்டியோஸ் 19 முறை எல்லை தாண்டியிருக்கிறது. டிசையர் 4. இன்னோவா 2. எல்லாவற்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மூன்றுக்கும் ஆல் இந்தியா பெர்மிட் எடுக்கப் பணம் புரட்டிக்கொண்டிருந்தேன். எட்டியோஸுக்கு மட்டும் எடுக்கிறேன். மற்ற இரண்டுக்கும் கல்யாணத்துக்காகக் கேரளா, கர்நாடகா இரண்டுக்குமே ஸ்பெஷல் பெர்மிட், மைசூர் போகாத வண்டிக்கும் சேர்த்து. குண்டல்பேட்டையில் அண்ணா போர்த்திய அந்தப் போர்வையை நினைத்துத்தான் இந்த முடிவு.

மேக்ஸி கேப் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பெர்மிட்டை எடுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள், நான்தான் இத்தனை நாள் படிக்கவில்லை.

கோத்தகிரி தம்பி, நீ உன் பக்கத்துத் தப்பையும் மறைக்காமல் எழுதியதைப் படித்து அப்பா உன் ஊர் எது, யார் மகன் என்று கேட்டார். தேர்வை நன்றாக எழுது.

ஆசிரியர் வீட்டுக்குப் போய் இந்த விவரம் எல்லாம் சொன்னேன். அந்த அம்மாவுக்கு இரண்டாவது கண்ணுக்கும் அறுவை சிகிச்சை தேதி வந்திருக்கிறது. இந்த முறை எட்டியோஸில் போகலாமா என்று அவரே கேட்டார். வண்டியின் முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன், நானே கூடப் போகிறேன்.

கூடலூர் அண்ணா, கல்யாண நாளில் உங்கள் வண்டி ஓய்வாக இருந்தால் சொல்லுங்கள். நான்காவது வண்டி தேவைப்படும் போலிருக்கிறது.


கூடலூர் டிரைவர்

தேதியைச் சொல்லு தங்கச்சி, வந்துவிடுகிறேன். பத்தேரியில் ஏழரைக்கு எல்லோரையும் வண்டியில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது.